நீலகிரி எம்.பி. பற்றி எழுத: பிரபுவா, ராசாவா?

ஊட்டி, குன்னூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் இந்த இருவரில் யாரைப் பற்றிக் கட்டுரை எழுதலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை முறை எம்.பி.?
ஆர். பிரபு (காங்கிரஸ்): 1980, 84, 89, 91, அப்புறம் 2004. ஐந்தும் நீலகிரியிலிருந்தே.
ஆ. ராசா (திமுக): மொத்தம் ஆறு. 1996, 1999, 2004 பெரம்பலூர். 2009, 2019, 2024 நீலகிரி.

தொகுதி?
இங்கேதான் விஷயமே இருக்கிறது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2009 முதல் நீலகிரி தனித் தொகுதி (பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கலாம்), அதனால் பிரபு கோவைக்குப் போய் நின்று தோற்றார், பெரம்பலூர் பொதுத் தொகுதியானதால் ராசா மலையேறி வந்தார். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஊட்டி, கூடலூர், குன்னூர் மட்டுமே முழுக்க மலை. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் எல்லாம் பெரும்பாலும் கீழே. மலைக்காரர் வாக்கு மட்டும் போதாது, இதை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை நிற்காது.

தகவல் கிடைப்பது?
ராசா: கொட்டிக் கிடக்கிறது. 2ஜி (செல்போன் அலைக்கற்றை ஒதுக்கீட்டு ஊழல்) வழக்கு, 2010 மத்திய அமைச்சர் பதவி ராஜினாமா, 2011 கைது, 2017 டிசம்பரில் வழக்கிலிருந்து விடுதலை. 2014 தோல்வியை மறக்காதீர்கள்.
பிரபு: இணையத்தில் குறைவு. பழைய செய்தித்தாள், மக்களவை விவாதப் பதிவு என்று தேட வேண்டும், பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.

ஒரு வாரத்தில் முடிக்கணும், டெல்லி அரசியல் பிடிக்கும் என்றால் ராசா. தேயிலை, மலை, 80களின் காங்கிரஸ் என்று உள்ளூர் வரலாறு எழுத நேரம் இருந்தால் பிரபுவை எடுங்கள், என் ஓட்டு அவருக்குத்தான் (கட்டுரைக்கு மட்டும்!).