அதே பள்ளிக்கூடமா, வேறு பள்ளிக்கூடமா?

பிள்ளையைச் சக மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தினால் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு வரும் குழப்பம் இதுதான்: அங்கேயே முறையிடுவதா, பள்ளியை மாற்றுவதா?

செலவு
முறையிட்டால்: ஒன்றுமில்லை, அலைச்சல்தான்.
மாற்றினால்: புது ரை (கழுத்துப்பட்டி), பட்ஜ், ஓட்டோக் காசு.

நடைமுறை
முறையிட்டால்: முதலில் வகுப்பாசிரியர், பிறகு அதிபர். திகதி போட்டு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். அசையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம். அடி, மிரட்டல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு உடனே அழைக்கலாம், இலவசம்.
மாற்றினால்: பழைய பள்ளி தரும் விடுகைப் பத்திரம் வேண்டும். அதற்குமுன் புதிய இடத்தில் வெற்றிடம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். பெயர்பெற்ற நகரப் பள்ளிகளில் இடைநடுவே இடம் கிடைப்பது கடினம்.

படிப்பு
தரம் 10, 11 என்றால் நன்றாக யோசியுங்கள். பிள்ளை பாடமாக எடுத்த சங்கீதமோ நாடகமோ புதிய பள்ளியில் இல்லாமல் போகலாம்.

நக்கல், பட்டப்பெயர் அளவில் இருந்தால், அதிபரும் காது கொடுத்தால், முறையிடுவதே சரி. பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று படுத்தால், நிர்வாகமும் ‘பகிடிதானே’ என்றால், மாற்றிவிடுங்கள். அயலவர் என்ன சொல்வார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இடம் கிடைக்கும்வரை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். 16 வயதுவரை கல்வி கட்டாயம்.