சிலிக்கனா, சொந்தச் சதையா? மார்பக மீளமைப்புக்குக் கையெழுத்து வைக்கும் முன்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த பிறகு அதை மீளமைக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று சிலிக்கன் இம்ப்ளான்ட், அதாவது மார்புக்குள்ளே வைத்துத் தைக்கும் சிலிக்கன் பை. மற்றது அடிவயிற்றிலோ முதுகிலோ இருந்து சதை எடுத்து மார்பை உருவாக்குவது. நான் வயிற்றுச் சதையில் செய்துகொண்டவள், என் சாய்வும் அந்தப் பக்கம்தான். எதுவும் செய்யாமல் விடுவதும் சரியான முடிவே. பிரேசியருக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தோடு நிம்மதியாக வாழும் பெண்கள் எத்தனையோ பேர்.

இம்ப்ளான்டில் சத்திரசிகிச்சை சிறியது, உடம்பில் வேறு இடத்தில் வெட்டு இல்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் அதிகம் யோசித்தது அதற்குப் பிறகு வரும் வருடங்களைப் பற்றி. இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல. நாற்பது வயதில் வைத்தால் மறுபடியும் ஒரு தடவையாவது சத்திரசிகிச்சை மேசையில் படுக்க நேரலாம். சிலிக்கன் உள்ளே கிழிந்தாலும் பல நேரம் வெளியே தெரியாது. அதனால்தான் 5 அல்லது 6 வருடத்தில் முதல் ஸ்கேன், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்கிறது. இம்ப்ளான்ட் வைக்கும் முன் ஆபத்துகளை ஒவ்வொன்றாக வாசித்து நோயாளி ஒப்பமிடும் பட்டியலையும் 2021இல் அங்கே கட்டாயமாக்கினார்கள். திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறவளுக்கு இந்தப் பராமரிப்பு சின்ன விஷயமல்ல. மூதூர், கிண்ணியா போன்ற பக்கத்து ஊர்ப் பெண்களுக்கும் இதே பாடுதான்.

கதிர்வீச்சு சிகிச்சை உண்டென்றால் இன்னொன்றும் இருக்கிறது: இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு இறுகி, மார்பு கல்லாகி வலிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சொந்தச் சதையின் கஷ்டம் முழுக்க ஆரம்பத்தில் வந்துவிடுகிறது. பல மணி நேர சத்திரசிகிச்சை, இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு, கொஞ்ச காலம் நிமிர்ந்து நடக்க முடியாத வயிறு. இரத்தக் குழாய் அடைபட்டால் வைத்த சதையே இறந்துபோகலாம். அது அரிது, ஆனால் நடக்கிறது. நீரிழிவும் புகைத்தலும் ஆபத்தைக் கூட்டும். மெலிந்தவர்களுக்கு வயிற்றில் போதிய சதை இருக்காது. ஆறிய பிறகோ அது உங்கள் உடம்பு. மெலிந்தால் மெலியும், பருத்தால் பருக்கும், மாற்ற வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இல்லை. முதுகுச் சதையில் செய்த ஒருவரோடு மட்டும்தான் பேசியிருக்கிறேன், அந்த முறையில் தோள் பலம் குறையுமா என்பதை அவரவர் வைத்தியரிடமே கேளுங்கள்.

எந்த வழியானாலும் மார்பில் பழைய தொடு உணர்ச்சி பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிறகு மனம் உடைந்துபோகும்.

அவசரப்படவும் தேவையில்லை. மார்பகம் எடுத்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் மீளமைக்கலாம். "எனக்குக் கதிர்வீச்சு சிகிச்சை வருமா" என்பதை வைத்தியரிடம் முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. விளக்கம் சிங்களத்தில் வந்து புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், தழும்பு எங்கே வரும் என்று தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்துவிட்டு, அடுத்த கிளினிக்கில் கையெழுத்து வைத்தால் போதும்.