குவாண்டிஃபெரான் பரிசோதனை: பிசிஜி இழந்த மரபணுக்கள் சொல்லும் சேதி

என் அண்ணனுக்கு நுரையீரல் காசநோய் உறுதியானதும், ஒரே வீட்டில் வசிக்கும் எங்கள் அனைவரையும் மருத்துவர் பரிசோதிக்கச் சொன்னார். மார்பு எக்ஸ்ரேயில் எனக்குக் குறை எதுவும் தென்படவில்லை. ஆனால் காசநோய்க்கான தோல் சோதனையாக முன்கையில் போட்ட மாண்டூ ஊசியின் தடிப்பு மூன்றாம் நாள் 12 மி.மீ. இருந்தது. அதை அப்படியே நம்பலாமா என்ற ஐயத்தைத் தீர்க்கவே குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன்.

மாண்டூவுக்குப் பயன்படும் டியூபர்குலின், பல புரதங்களின் கலவை. அவற்றில் பல, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியிலும், மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாக்களிலும் உண்டு. அதனால் காசநோய்க் கிருமியே நுழையாத உடலிலும் தோல் தடிக்கக்கூடும். குவாண்டிஃபெரானோ ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்னும் இரண்டு புரதங்களை மட்டுமே நம்புகிறது. இந்தத் தேர்வுக்குப் பின்னுள்ள அறிவியல்தான் என்னை மிகவும் கவர்ந்தது.

பிசிஜி தடுப்பூசியை உருவாக்கிய கால்மெட்டும் குவெரினும் பிரான்சின் லீல் நகரில் 1908 முதல் 13 ஆண்டுகள், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் புதிய ஊடகத்துக்கு 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைப் போக்கினார்கள். அது எதை இழந்தது என்பது 1990-களில்தான் மரபணு அளவில் விளங்கியது: ஆர்டி1 எனப்படும் பகுதி எல்லா பிசிஜி வகைகளிலும் இல்லை. அந்த இரண்டு புரதங்களின் மரபணுக்களும், அவற்றைக் கிருமிக்கு வெளியே அனுப்பும் சுரப்பு அமைப்பின் ஒரு பாகமும் அங்கேதான் இருக்கின்றன. நம் மேக்ரோஃபேஜ் செல் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும்போது, அந்தப் பையின் சவ்வைச் சிதைத்து வெளியேறக் கிருமிக்கு உதவுவது இந்தச் சுரப்பு அமைப்பே. ஆர்டி1 பகுதியை மீண்டும் சேர்த்த பிசிஜி, எலிகளில் வீரியத்தை ஓரளவு திரும்பப் பெற்றது. கிருமிக்கு வலிமை தரும் இதே புரதங்களைத்தான் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான நம் டி செல்கள் கூர்மையாக அடையாளம் கண்டு நினைவில் வைக்கின்றன. பிசிஜி மட்டும் போட்டுக்கொண்டவரின் உடலில் அந்த நினைவு உண்டாக வழியில்லை.

பரிசோதனைக்கு நான்கு குழாய்களில் தலா 1 மி.லி. ரத்தம் எடுத்து, 37 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து, அந்த இரண்டு புரதங்களை எதிர்கொள்ளும் டி செல்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான்-காமா என்னும் பொருளை அளக்கிறார்கள். உயிருள்ள செல்கள் வேலை செய்ய வேண்டிய சோதனை என்பதால் காலதாமதம் கூடாது. நான் முதலில் சென்ற ஆய்வகத்தில் சனிக்கிழமை மாலை எடுத்த ரத்தத்தை உரிய நேரத்தில் சூடேற்றி வைக்காமல் விட்டதால், எதிர்வினை வந்தே தீர வேண்டிய ஒப்பீட்டுக் குழாயிலும் அது போதாமல், “முடிவு கூற இயலாது” என்ற அறிக்கையே வந்தது. வேறோர் ஆய்வகத்தில் வாரநாளின் காலையில் கொடுத்த ரத்தம் தெளிவான விடை தந்தது: எல்லை 0.35 அலகு, எனக்கு 2.1, அதாவது பாசிட்டிவ்.

மாண்டூவை விடச் செலவு அதிகம்தான். ஆயினும் ஒரே வருகையில் வேலை முடிவதும், பிசிஜி குழப்பாததும் அந்தச் செலவுக்கு ஈடானவை என்பேன். ஆனால் கிருமி உறங்குகிறதா, நோயாக மாறிவிட்டதா என்பதை இதனால் பிரித்துச் சொல்ல முடியாது. மைக்கோபாக்டீரியம் கன்சாசி போன்ற சில இனங்களிலும் அந்தப் புரதங்கள் உண்டு. ஆகவே எக்ஸ்ரேயையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவெடுத்தார். வாரம் ஒரு முறை வீதம் 12 வாரங்களுக்கான தடுப்பு மாத்திரைகளில் ஐந்தாவது வாரத்தை நேற்று முடித்தேன்.