ராம் போட்டால் பறக்கும் என்றார்கள், பறந்தது என் 6,800 ரூபாய்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை என்று டிசைன் வேலை பார்க்கிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். எச்சரிக்கையாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சர்வீஸ் கடை, அவ்வளவுதான்.

என்னுடையது ஐ3 சிஸ்டம், எச்61 போர்டு, 32 பிட் விண்டோஸ் 7, போட்டோஷாப் சிஎஸ்3. ராம் (வேலை ஓடும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் தற்காலிக மெமரி) 2 ஜிபி வீதம் இரண்டு, மொத்தம் 4. பத்து வருஷத்துக்கு மேலாக இதில்தான் சோறு. ‘இன்னுமா விண்டோஸ் 7?’ என்று கேட்க வருகிறவர்களுக்கு: என் தமிழ் டைப்பிங் சாப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் உண்டு, அதைச் செருகினால்தான் சாப்ட்வேர் திறக்கும். அதை இயக்கும் டிரைவர் புரோகிராம் 32 பிட்டில் மட்டும்தான் ஓடும். பழைய பைல்கள் முழுவதும் அந்த எழுத்துருவில் கிடக்கின்றன. விட்டுவிட்டு எங்கே போவது?

போன வாரம் ஒரு கும்பாபிஷேக பேனர் வந்தது. 20-க்கு 10 அடி. அங்குலத்துக்கு 72 புள்ளி ரெசல்யூஷனில், சிஎம்ஒய்கே என்ற பிரிண்டுக்கான நாலு நிற முறையில் போட்டாலே, முழுப் பரப்பும் நிறைந்த ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) கிட்டத்தட்ட 600 எம்பி பிடிக்கும். கோபுரம், சாமி, பின்னணி, அப்புறம் நன்கொடை கொடுத்தவர்களின் முகங்கள் (ஒருவரையும் விட முடியாது, விட்டால் எனக்குத்தான் திட்டு). லேயர் ஏறிக்கொண்டே போய், பில்ட்டர் போடுகிற இடத்தில் நின்றுவிட்டது. போதுமான மெமரி இல்லை என்று ஒரு பெட்டி வந்தது, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ராம் என்று வேறு. மெஷினே ராம் இல்லை என்று சொன்னால் நான் வேறு என்னத்தை நினைப்பேன்?

சிபியுவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். கடைக்காரர் முப்பது வயது இருப்பார். அண்ணே அண்ணே என்று அவ்வளவு மரியாதை. மூடியைக் கழற்றி, புளோயரில் தூசி ஊதி, ராமை உருவி எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்து, அந்தத் தங்க நிறக் காலை மெதுவாக, ஒரே திசையில், தேய்த்தார். ஊதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பத் தேய்த்தார். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ரப்பரைப் பார்த்துத்தான் நம்பினேன். காசு பிடுங்க நினைக்கிறவன் இவ்வளவு பொறுமையாகத் தேய்ப்பானா என்று தோன்றியது.

“ராம்தாண்ணே பத்தல. நாலு நாலா எட்டு போட்டுருவோம். பறக்கும் பாருங்க” என்றார்.

“போட்டோஷாப்தான் நிக்குது தம்பி. எட்டு போட்டா அதுக்குப் போதுமா?” என்று கேட்டேன். இதை நான் கேட்டேன், மறக்காதீர்கள்.

“தாராளமா.”

ஒன்று 2,400 வீதம் 4,800, மாட்டும் கூலி 500. பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழைய ராம் இரண்டுக்கும் இப்போது மதிப்பே கிடையாதாம், இங்கேயே கிடக்கட்டும் என்று டிராயரில் போட்டுக்கொண்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் பேனரைத் திறந்து அதே பில்ட்டர் போட்டேன். அதே பெட்டி. கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் அடித்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால், இன்ஸ்டால்டு மெமரி 8.00 ஜிபி, அதன் அடைப்புக்குறிக்குள் 3.24 ஜிபி யூசபிள். போன் போட்டேன். “அது அப்படித்தாண்ணே காட்டும், உள்ள எட்டும் ஓடும்.” மறுநாள் போனால், ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று பையன் சொன்னான். மணி பதினொன்று. அதற்கு மறுநாள் ஓனர் கிடைத்தார். “ராம் நல்ல ராம்ணே, விண்டோஸ்தான் லாக் பண்ணி வெச்சிருக்கு. பேட்ச் போட்டு அன்லாக் பண்ணணும், 1,500 ஆகும்.”

அதையும் கொடுத்தேன். ஆக 6,800.

பேட்ச் (விண்டோஸுக்குள் ஒட்டுப்போட்டு மாற்றும் சின்னப் புரோகிராம்) போட்டதும் 8 ஜிபி முழுசாகக் காட்டியது உண்மைதான். திரையின் மூலையில் டெஸ்ட் மோட் என்று எழுத்தும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது ஒன்றும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்தால் திரை விட்டுவிட்டு மினுங்குகிறது. பேனரைத் திறந்தேன், பில்ட்டர் போட்டேன். அதே பெட்டி! திரும்ப மாடி ஏறினேன். இந்தத் தடவை அண்ணே இல்லை, சார். “உங்க சாப்ட்வேர் பழசு சார், நாங்க என்ன பண்றது? புது சிஸ்டம் போடுங்க.” பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மாட்டின ராமை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இன்று சாயங்காலம் அக்கா மகன் வந்திருந்தான், கம்ப்யூட்டர் படிக்கிறவன். ஐந்தே நிமிஷம்தான் பார்த்தான். “மாமா, எண்பது ஜிபி போட்டாலும் இது இப்படித்தான் நிக்கும்” என்றான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். 32 பிட் சிஸ்டத்தில் ஒரு புரோகிராம் மெமரியில் ஒவ்வொரு இடத்தையும் ஒரு கதவு எண் வைத்துத்தான் கூப்பிடும். 32 பிட்டில் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் எண்கள்தான் வரும், அதுதான் 4 ஜிபி. அதில் சரிபாதியை விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஆக ஒரு புரோகிராமுக்கு 2 ஜிபி. ராம் எவ்வளவு மாட்டினாலும் அந்தப் புரோகிராமிடம் அதைக் கூப்பிட எண் இருக்காது. இன்டெல் 1985-ல் 386 சிப் கொண்டுவந்தபோது 4 ஜிபி என்பது யாரும் கனவிலும் நினைக்காத அளவு. அதற்கு முன்னால், விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்தில் 640 கேபியிலேயே எல்லாரும் பிழைப்பை ஓட்டினார்கள்.

சரி, பேட்ச் போட்டதும் 8 காட்டியதே என்று கேட்டேன். 1995-ல் வந்த பென்டியம் ப்ரோவிலிருந்தே 32 பிட் சிப்புக்கு 64 ஜிபி வரை ராம் பார்க்க ஒரு வழி இருக்கிறதாம். வீட்டு உபயோக விண்டோஸில் மைக்ரோசாப்ட் அதை 4 ஜிபியோடு நிறுத்தி வைத்திருக்கிறது. பேட்ச் அந்தத் தடையைத்தான் எடுக்கும். அப்போது நாலு புரோகிராமைத் திறந்து வைத்தால் நாலும் சேர்ந்து அந்த 8-ஐப் பங்கு போட்டுக்கொள்ளலாம். தனி ஒரு புரோகிராமுக்கு அதே 2 ஜிபிதான். நான் கடையில் கேட்டதே அந்த ஒரு புரோகிராமைப் பற்றித்தானே!

போட்டோஷாப் பிரிபரன்சஸில் கிடைக்கும் ராம் என்று ஒரு கணக்கு காட்டும். அதைத் திறந்து காட்டினான். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் எம்பி. 4 ஜிபி இருந்தபோதும் அங்கே அதே ஆயிரத்து அறுநூறுதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் என் போனில் ஒரு பழைய படம் அகப்பட்டது, போன வருஷம் வேறு எதற்கோ பிராப்பர்ட்டீஸ் திரையைப் பிடித்து வைத்தது. 4.00 ஜிபி, 3.24 யூசபிள். அதே 3.24! கிராபிக்ஸுக்கும் போர்டில் இருக்கும் மற்ற சாமான்களுக்கும் அந்த 4 ஜிபிக்குள்ளேயே எண் ஒதுக்க வேண்டும், மிச்சம்தான் 3.24. 6,800 ரூபாய் கொடுத்து போட்டோஷாப்புக்கு ஒரு எம்பி கூடக் கூடவில்லை.

வயிறு எரிந்தது இதற்கு மேல்தான். பேட்ச்சை எடுத்துவிட்டு, கறுப்புத் திரையில் ‘பிசிடிஎடிட்’ என்று தொடங்கும் ஒற்றை வரி அடித்து, கடைசியில் 3072 என்று போட்டு ரீஸ்டார்ட் செய்தான். விண்டோஸ் 1 ஜிபியில் ஒதுங்கிக்கொள்ள, புரோகிராமுக்கு 3 ஜிபி. அதற்குத் தக்கபடி எழுதிய புரோகிராமுக்குத்தான் பலிக்கும், சிஎஸ்3-க்குப் பலித்தது. சில மெஷினில் டிஸ்பிளே டிரைவர் மக்கர் பண்ணும் என்றும் சொன்னான். என்னுடையதில் இதுவரை ஒன்றுமில்லை. செலவு பூஜ்யம், அவனுக்கு ஒரு காபி.

எச்சரிக்கை என்று சொன்னேன் இல்லையா. ராமுக்குக் காசு கொடுக்கும் முன் பிராப்பர்ட்டீஸில் சிஸ்டம் டைப் 32 பிட்டா என்று பாருங்கள். 32 என்றால் 4 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள். 64 பிட் விண்டோஸ் என்றாலும் புரோகிராம் எது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 7 டாஸ்க் மேனேஜரில் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டார் போட்டு 32 என்று இருந்தால் அது 32 பிட் புரோகிராம், அதிகபட்சம் 4 ஜிபிதான் எடுக்கும், சிலது 2-தான். போட்டோஷாப்பில் சிஎஸ்4-லிருந்து, கோரல் டிராவில் எக்ஸ்6-லிருந்துதான் 64 பிட். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கழற்றிய பழைய ராமைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னும் சொல்ல இருக்கிறது, ஆனால் பேனர் காலையில் பிரிண்டுக்குப் போக வேண்டும். அந்தப் பில்ட்டர் இப்போதுதான் ஓடி முடிந்திருக்கிறது. விடிந்ததும் பழைய ராம் இரண்டையும் கேட்டு மாடி ஏறப் போகிறேன், அக்கா மகனும் வருகிறான்.