சென்னை மேயர்: ஸ்டாலின் வந்த வழியும் பிரியா வந்த வழியும்

1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 23 ஆண்டுகள் கழித்து, 1996-இல் தேர்தல் நடந்தபோது, வாக்காளர் கையில் கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று என இரண்டு வாக்குச் சீட்டுகள் இருந்தன. அவ்வாறு மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் மு.க. ஸ்டாலின். முதலமைச்சரின் மகன் என்பதை மறைக்க முடியாது. ஆனால் நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தில் சிறை சென்றதும், 1989-இல் ஆயிரம் விளக்கில் சட்டமன்ற உறுப்பினரானதும் அவருக்கு அதற்கு முன்பே இருந்த அடையாளங்கள். 2001-இல் மீண்டும் வென்ற அவர், ஒருவர் ஒரே நேரத்தில் சட்டமன்ற உறுப்பினர், மேயர் என இரு பதவிகளை வகிக்கக் கூடாது என்ற சட்டத் திருத்தத்தால் 2002-இல் விலக நேர்ந்தது.

2022-இல் வாக்காளர் அழுத்தியது கவுன்சிலருக்கான ஒரே பொத்தானைத்தான். பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவிக்கு, திரு.வி.க. நகர்ப் பகுதியின் 74-ஆவது வார்டில் வென்ற முதுகலை வணிகவியல் பட்டதாரி ஆர். பிரியா, மார்ச் 4 அன்று மன்றத்தில் போட்டியின்றித் தேர்வானார். வயது 28, தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர்.

நகரம் முழுவதும் வாக்குக் கேட்டு வந்த மேயருக்குத் தனி வலு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வடசென்னையின் ஒரு வார்டிலிருந்து ரிப்பன் மாளிகைக்கு இளம்பெண் ஒருவரைக் கொண்டுவந்தது நேரடித் தேர்தல் அன்று, இட ஒதுக்கீடுதான்.