பாஸ்வேர்டு கேட்கும், ஆனால் பூட்டாது

காட்பாடியில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளின் சம்பளப் பட்டியல்கள் என்னிடம் வரும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். பூட்டித்தான் மெயிலில் அனுப்ப வேண்டும் என்று, வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினேன். இன்ஸ்டால் வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும், "ராணுவத் தரம் சார்" என்றார்கள். ராணுவத்துக்கே வெளிச்சம்.

ஐந்து மாதம் ஓட்டினோம். போன வாரம் அலுவலகப் பெண் 'வேலூர்' என்று அடித்துச் சோதிக்கும்போது பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுவிட்டாள். சரியான பாஸ்வேர்டுக்கு வந்த அதே 24 எழுத்துகள்தான் இதற்கும் வந்தன! உற்றுப் பார்த்தால் நான்கு நான்கு எழுத்துக்கு ஒருமுறை '4கே', '4கே' என்று ஆரம்பிக்கிறது. அக்கா மகன் பார்த்த உடனே சிரித்தான். "மாமா, இது வெறும் பேஸ்64. யூனிகோடு தமிழை இதில் போட்டால் முதல் சொல்லில் இப்படித்தான் வரும்." மெயிலில் சிதையாமல் போகப் பொட்டலம் கட்டும் முறையாம் அது. சாவியே கிடையாது, யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

அப்புறம் அதன் ஹாஷ் பொத்தானையும் சோதித்தோம். ஹாஷ் என்றால் கோப்புக்குக் கைரேகை மாதிரி; உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அதுவும் மாற வேண்டும். ஹாஷ் முறை எஸ்எச்ஏ-256 என்று போட்டிருந்தது, 64 இலக்கமும் ஒழுங்காக வந்தது. ஒருவர் சம்பளத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்துச் சேமித்தேன். ஹாஷ் அசையவில்லை. கோப்பின் பெயரை மாற்றினேன், மாறிவிட்டது. உள்ளே இருப்பதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறது!

கடைக்குப் போனால், "நீங்க நோண்டிப் பார்த்ததால தெரிஞ்சுது, வேற யாரு சார் பார்க்கப் போறாங்க?" என்கிறார். பணமும் திரும்பவில்லை, பில்லும் முதலிலேயே கொடுக்கவில்லை. அது என் தப்பு.

இப்போது கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் மென்பொருள். இலவசம், ஏஇஎஸ்-256 என்ற நிஜமான பூட்டு முறை, பென்டிரைவிலும் ஓடும். அதன் 7இசட் (7z) கோப்பு வடிவில் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டியை மட்டும் டிக் செய்ய மறக்காதீர்கள். ஹாஷ் பார்க்க விண்டோஸிலேயே 'சர்ட்யூட்டில்' (certutil) என்ற கட்டளை இருக்கிறது. இது எதற்கும் 1,800 ரூபாய் தேவைப்படவில்லை.

ஐந்து மாதம் அனுப்பிய பட்டியல்கள் எத்தனை பேர் மெயிலில் கிடக்கின்றனவோ. ஆம்பூர்காரருக்கு நேற்று போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.