இரண்டரை வருடமாக முயல்களுக்கு உலர்புல்: கீழக்கரைக் காற்றில் அது படும் பாடு

போன வாரம் தொண்டியிலிருந்து சாச்சி மகன், எனக்குத் தம்பி முறை, போன் பண்ணினான். "காக்கா, நீங்க முயலுக்கு வாங்குற டிமோதிப் புல்லு ஆன்லைன்ல விலை குறைஞ்சிருக்கு. அஞ்சு கிலோ மூட்டையா எடுத்துப் போட்டுரவா?" என்றான். அன்று காலையில்தான் என் மூட்டையின் அடியில் கிடந்த கால்வாசிப் புல்லைக் குப்பையில் கொட்டியிருந்தேன். அந்தக் கோபத்தில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள். வெள்ளை பஞ்சு, பழுப்பு கருப்பட்டி. முதல் வருடம் முட்டைக்கோஸ், கேரட், ஊறவைத்த கடலை, சாயாவுக்கு எடுத்த ரஸ்க்கில் ஒரு துண்டு என்று பாசத்தில் எல்லாமே கொடுத்தோம். ஒரு சித்திரை மாதம் கருப்பட்டி மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். கூண்டுத் தட்டில் ராத்திரி முழுக்க ஒரு புழுக்கைகூட இல்லை. வெயில் சோர்வு என்று நினைத்து ஒரு பகலை வீணாக்கினேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொன்னார். நல்லவேளை, ஊற்றவில்லை. அந்த மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்து, முயலே போய்விடலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

ராமநாதபுரத்தில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடல் அசைவு நின்றுவிட்டது என்றார். தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலி மருந்து போட்டார். புல் தூளைக் கஞ்சியாகக் கரைத்து, சில மணிக்கு ஒரு தடவை சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். மூன்றாம் நாள் சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோது தட்டில் மிளகு அளவில் நாலு புழுக்கை. உம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னால்தான் நகர வேண்டும். அதை நகர்த்துவது நீளமான நார். அரைத்த தீவனத்தில் அந்த நீளம் இல்லை. மாவுச்சத்தும் இனிப்பும் கூடினால், குடலை ஒட்டிய, தின்றதைப் புளிக்கவைக்கும் பெரிய பையில் வாயு கட்டி, வேண்டாத கிருமி பெருகும். அதனால்தான் அன்றிலிருந்து டிமோதி உலர்புல். எந்நேரமும் கூண்டில் கிடக்கும். அரைத்துக் குச்சியாக்கிய தீவனம், முயலின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், அதற்கு மேல் இல்லை.

எனக்குக் கிடைத்த சந்தோஷம் புழுக்கையில்தான். முன்பு சிறுத்து, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சில வாரத்தில் பெரிதாக, உருண்டையாக, வைக்கோல் நிறத்துக்கு மாறியது. விரலில் நசுக்கினால் புல்லாகவே உதிரும். ரஸ்க் காலத்தில் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்ற இன்னொரு வகைப் புழுக்கை தரையில் மிதிபட்டுக் கிடக்கும். இப்போது அது கண்ணிலேயே படுவதில்லை. முயல் அதை வருகிற இடத்திலேயே வாய் வைத்துத் தின்றுவிடுகிறது. உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாங்க. ஆனால் பி வைட்டமினும் புரதமும் அதிலிருந்துதான் திரும்பக் கிடைக்கின்றன, தடுக்கவே கூடாது. பல்லும் சரியானது. முயலின் முன்பல் வருடத்துக்கு 10 செ.மீ.க்குக் குறையாமல் வளரும். புல்லை நாளெல்லாம் அரைத்தால்தான் பற்கள் அளவோடு தேயும்.

இவ்வளவு நல்ல பொருளை இப்படியா கட்டி அனுப்புவது? இதுதான் இரண்டரை வருடமாக என் குறை. மெல்லிய பிளாஸ்டிக் பை, ஒரு முறை கிழித்தால் மூட வழியில்லை. குளிர் நாட்டுப் புல் அது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடித்தால் ஜாடியில் உப்பே நீர் கோக்கும், தீக்குச்சி உரசினால் பற்றாது. புல் மட்டும் என்ன செய்யும்? பத்து நாளில் மொறுமொறுப்பு போய்விடும், இருபதாம் நாள் அடியில் புழுங்கல் வாசனை. பூஞ்சை பிடித்த புல் குடலைக் கெடுக்கும். போன கார்த்திகையில் அடிப்புல்லைப் போட்ட மறுநாள் பஞ்சு தின்பதை நிறுத்திவிட்டது. இந்தத் தடவை பொழுது சாய்வதற்குள் டாக்டரிடம் போய்விட்டேன், பிழைத்தது.

தகர டின்னில் வைத்தேன், உள்ளே வியர்த்தது. கடைசியில் பனை ஓலைப் பெட்டிதான் கைகொடுத்தது. உச்சி வெயிலில் மாடியில் ஒரு மணி நேரம் பரப்பி, ஆறவைத்து, பெட்டியில் போட்டு விட்டத்தில் தொங்கவிடுகிறேன். அப்படியும் மழைக்காலத்தில் மூன்று வாரம்தான் தாங்குகிறது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை வைத்தால் இரண்டும் நக்கிவிட்டு நகர்ந்துவிடும். தண்ணீர் குறைந்தால் குடலில் புல்லும் காய்ந்து இறுகும். நாங்கள் குடிக்க வாங்கும் குடத்துத் தண்ணீரில்தான் அவற்றுக்கும் பங்கு.

தம்பி வைக்கோலைப் பற்றியும் கேட்டான். திருவாடானைப் பக்கம் அறுப்பு முடிந்தால் வேண்டிய அளவு கிடைக்கும். என் முயல்கள் அதில் படுக்கின்றன, அவ்வளவாகத் தின்பதில்லை. சத்தும் குறைவு. குதிரைமசால் குட்டிகளுக்கு நல்லது, வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம். மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையில் முளைக்கும் அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் அருமை. மருந்து தெளிக்காத, நாய் புழங்காத இடமாகப் பார்த்து அறுத்து, அலசி, நிழலில் உலர்த்தி, முதல் வாரம் கைப்பிடி கைப்பிடியாகத்தான் பழக்க வேண்டும்.

"அப்ப வாங்கவா வேணாமா, காக்கா?" என்றான் தம்பி. வாங்காதே என்றேன். அவன் வீடு கடலுக்கு நேர் எதிரே, அஞ்சு கிலோவில் மூன்று கிலோ பூஞ்சைக்குத்தான் போகும், விலை குறைந்து என்ன பயன்? போனை வைத்துவிட்டு எனக்கு ஒரு கிலோ பைக்குச் சொன்னேன். வியாழக்கிழமை வருகிறது. ஓலைப் பெட்டியைக் கழுவி மாடியில் காயவைத்திருக்கிறேன்.